தொட்டுக்கூடப் பார்க்காத டாக்டர்

கழுத்தில் கட்டி இருப்பது தெரிந்ததும், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறப்பு டாக்டரைப் பார்க்கப் போனேன். காத்திருந்தது மூன்று மணி நேரம். உள்ளே இருந்தது ஐந்து நிமிடம். கணினித் திரையில் என் ஸ்கேனைப் பார்த்தார், திரையைப் பார்த்தபடியே "ஆப்பரேஷன் பண்ணணும் ஆன்டி" என்றார். என் கழுத்தில் ஒரு விரல்கூட வைக்கவில்லை. கைவைத்துப் பார்க்காதவர் என்ன டாக்டர்? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீடு திரும்பக் கிள்ளான் ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் இணையத்தில் அவர் பெயரைத் தேடி, ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன்: "டாக்டர் நெவர் டச் மீ." ரயில் ஷா ஆலம் தாண்டுவதற்குள் கோபம் போய்ப் பசி வந்துவிட்டது.

பிறகு வேறு இரண்டு டாக்டர்களிடம் போனேன். இருவரும் கழுத்தைத் தடவி, அமுக்கி, எச்சில் விழுங்கச் சொல்லிப் பார்த்தார்கள். எனக்குப் பரம திருப்தி. ஆனால் இருவரும் முடிவில் சொன்னது ஒன்றுதான்: கட்டி குரல் நரம்பை ஒட்டி இருக்கிறது, இதற்கு அந்த பிரிக்பீல்ட்ஸ்காரர்தான் சரி. நான் பாலர் பள்ளி ஆசிரியை. ஒரு வகுப்புப் பிள்ளைகளை இந்தக் குரலை வைத்துத்தான் கட்டி மேய்க்கிறேன். அது போய்விட்டால் என்ன செய்வேன் என்று பயந்தேன். என் குரல் யார் கையில் இருக்கப்போகிறது என்று நினைத்தபோது பயம் இரண்டு மடங்கானது.

லண்டனில் நர்ஸாக இருக்கும் தங்கையை அழைத்துச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"அக்கா, தொடவே இல்லன்னு இங்க எழுதினா அது பாராட்டு. இங்க கேட்டுட்டுதான் கை வைப்பாங்க. கேக்காம தொட்டாதான் கம்ப்ளேன்."

"அப்ப அந்த ஒரு ஸ்டாரு?"

அவள் இன்னும் சத்தமாகச் சிரித்தாள்.

என்னைப்போல் வேறு யார் யார் வாயைக் கொடுத்து மாட்டியிருக்கிறார்கள் என்று இணையத்தில் தேடிப் பார்த்தேன். சென்னையில் டாக்டர்களைத் தெய்வம், கைராசிக்காரர் என்று கும்பிடுகிறார்கள். லண்டனில், பொறுமையாக விளக்கினார் என்று நன்றி சொல்கிறார்கள். நம் ஊரில் உயிரைக் காப்பாற்றினாலும் "பார்க்கிங் கஷ்டம்" என்று ஒரு வரி சேர்த்து ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துவிடுகிறார்கள். எனக்கு ஆறுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

என் கருத்துக்குக் கீழே கிளினிக்கிலிருந்து ஒரு பதில் வந்திருந்தது: "நன்றி. கவனத்தில் கொள்கிறோம்." எதைக் கவனத்தில் கொள்கிறார்கள்? என்னையா? என் பெயருக்குப் பக்கத்தில் என் படம் வேறு. கல்யாண வீட்டில் எடுத்தது, கழுத்து வீக்கம் பளிச்சென்று தெரிந்தது.

"அஞ்சு ஸ்டாரா மாத்திடவா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"ஆப்பரேஷன் நேரத்துல மாத்தினா லஞ்சம் மாதிரி இருக்கும் லா. பேசாம அழிச்சிடு."

அழித்தேன். ஏற்கெனவே அதைப் படித்தவர் மனசிலிருந்து எப்படி அழிப்பது?

அறுவைச் சிகிச்சை நாளன்று காலையில் டாக்டர் என் கட்டிலருகே வந்தார். இந்தமுறை திரை இல்லை. இரண்டு விரல்களை என் கழுத்தருகே கொண்டுவந்து நிறுத்தினார்.

"தொட்டுப் பாக்கலாமா ஆன்டி?"

எல்லாரிடமும் இப்படிக் கேட்பாரா, என்னிடம் மட்டுமா? முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "பாருங்க டாக்டர்" என்பதுதான் வந்தது. அவர் விரல்கள் சில்லென்று இருந்தன. தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனேன்.

கண் விழித்தபோது அவர்தான் குனிந்து நின்றார்.

"ஆன்டி, ஏதாச்சும் பேசுங்க. குரலக் கேக்கணும்."

தொண்டை எரிந்தது. வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. திறந்தால் காற்றுதான் வருமோ என்னவோ. பேரைச் சொல்லலாம், தண்ணீர் கேட்கலாம். நாள்கணக்கில் நெஞ்சில் கிடந்ததுதான் முந்திக்கொண்டது.

"ஸாரி டாக்டர்."

கரகரவென்றுதான் வந்தது. ஆனால் என் குரல்.

"குரலு நல்லா இருக்கு ஆன்டி," என்றார்.

எதற்கு ஸாரி என்று அவர் கேட்கவில்லை.