எங்கள் லயத்துக்கு வந்த சர்க்கரைத் தடுப்பு வகுப்பு

கேரளத்தில், பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் அங்கன்வாடி டீச்சர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைத்தான் இங்கே லயம் என்போம். எங்கள் சர்ச்சின் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளரும் நான்தான். சர்க்கரை நோய் வராமல் தடுக்கும் வகுப்புகளை நடத்த ஊர்ச் சங்கங்களுக்கு ஓர் அறக்கட்டளை பணம் தருகிறது என்று பஞ்சாயத்து ஆபீசில் சொன்னார்கள். விண்ணப்பித்தோம். முன் அனுபவம் என்ன என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. சாவு வீடுகளுக்குக் கஞ்சி வைத்திருக்கிறோம், பிரசவ வலி கண்டவர்களை ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறோம் என்று எழுதினேன். எழுத வேறு ஒன்றும் இல்லை. அதைப் படித்துத்தான் எங்களைத் தேர்ந்தெடுத்ததாகப் பிற்பாடு சொன்னார்கள்.

முதல் பரிசோதனை சர்ச் ஹாலில் நடந்தது. நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வரக்கூடும் என்ற நிலையில் இருப்பவர்களைப் பட்டியல் எடுத்து அவர்களுக்கு வகுப்பு நடத்த வேண்டும். எல்லோரும் போன பிறகு நானும் விரலை நீட்டினேன்.

நர்ஸ் மெஷினைப் பார்த்துவிட்டு, "டீச்சரும் பார்டர்லதான் இருக்கீங்க" என்றார்.

"என் பேர எழுத வேண்டாம் சிஸ்டர்."

அவர் எழுதவில்லை. நடத்துகிறவளே பட்டியலில் இருந்தால் யார் மதிப்பார்கள் என்று அன்று நினைத்தேன். பயத்துக்கு நான் வைத்துக்கொண்ட மரியாதையான பெயர் அது என்று இப்போது தோன்றுகிறது.

வியாழன்தோறும் சாயங்காலம் வகுப்பு. முதல் நாள் பட்டியலில் இருந்த பெயர்களைச் சத்தமாக வாசித்தேன். அறக்கட்டளை கொடுத்த கையேட்டை வரி விடாமல் வாசித்தேன். தினமும் அரைமணி நேரம் நடக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான பாடம். வாரத்துக்கு வாரம் ஆட்கள் குறைந்தார்கள். மூன்றாம் மாதம், கொழுந்து எடுக்கிற ஓர் அக்கா, பாதியில் என்னை நிறுத்தினார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வகுப்புக்கு ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை.

"டீச்சர், காலையில மல ஏறுனா சாயங்காலந்தான் எறங்குதோம். இதுக்கு மேல எங்கன நடக்கச் சொல்லுதீங்க? உக்காந்து வேல பாக்குற ஆளு இங்க நீங்க மட்டுந்தான்."

இரண்டு பேர் சிரித்தார்கள். கையேட்டை மூடினேன். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"நீங்க சொல்றது சரிதான்க்கா. எனக்கும் பார்டர்லதான் இருக்கு. பேர எழுத வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"மொத நாள்ல இருந்தே."

"எங்க பேரெல்லாம் சத்தமா வாசிச்சீங்களே டீச்சர்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார். அந்த வாரம் முழுக்க அவர் லயத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டுதான் நடந்தேன்.

அடுத்த வியாழன் அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்து வாசலிலேயே நின்றார்.

"இங்க உக்காந்து வாசிச்சது போதும். எங்க அடுப்படிக்கு வாங்க. நாங்க என்ன திங்கோம்னு பாருங்க. பெறகு சொல்லுங்க."

போனோம். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை சீனி போட்ட டீ. மத்தியானம் அவசரமாக நாலு வாய். ராத்திரிதான் வயிறு நிறையச் சோறு, சாப்பிட்டவுடன் படுக்கை. கையேட்டில் இந்த வாழ்க்கை இல்லை. அன்றிலிருந்து வாரம் ஒரு வீட்டு அடுப்படியில் வகுப்பு நடந்தது. சோற்றைக் குறைத்துக் கீரையும் பயறும் கூட்டினோம். டீயில் சீனியை ஒவ்வொரு கரண்டியாகக் குறைத்து நிறுத்தினோம்.

அறக்கட்டளையிலிருந்து ஒரு மேடம் பார்க்க வந்தார். மலையாளம் கலந்த தமிழில், "ப்ளான்ல நடத்தம்னு எழுதியிருக்கல்லோ?" என்று நடைப்பயிற்சியைப் பற்றி என்னைக் கேட்டார். பணம் நின்றுவிடும் என்றே நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவர் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தார்.

"சீனி இல்ல மேடம். மொத ஒரு வாரம் கசாயம் மாதிரி இருக்கும்."

மேடம் முகத்தைச் சுளிக்காமல் குடித்து முடித்தார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, மாற்றத்தை ஒரு கடிதமாக எழுதித் தரச் சொன்னார். அனுமதி வந்தது. அதன் பிறகு நடை, ஆபீஸ் கிளார்க்குகளுக்கும் ரிட்டயர் ஆனவர்களுக்கும் எனக்கும் மட்டும்.

வருடக் கடைசியில் மறுபடி பரிசோதித்தார்கள். எனக்கு இறங்கியிருந்தது. அக்காவுக்கு ஏறி, மாத்திரை சாப்பிடுகிற அளவுக்குப் போயிருந்தது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எங்கம்மாவுக்குக் கால்ல புண்ணு வந்த பெறகுதான் தெரிஞ்சுது" என்றார். "எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருச்சுல்லா."

என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, தன்னையே தேற்றிக்கொண்டாரா, தெரியவில்லை. யாருக்குத் தடுக்க முடிந்தது, யாருக்கு முடியவில்லை என்று மட்டும்தான் அறிக்கையில் கேட்டிருந்தார்கள். அக்காவின் பெயரை 'முடியவில்லை' என்ற கட்டத்தில் எழுத எனக்கு வெகுநேரம் கை வரவில்லை.

இரண்டாம் வருடத்துக்கும் பணம் வந்தது. வகுப்பை அக்கா நடத்தட்டும் என்று சங்கத்தில் முடிவு செய்தோம். நோய் வந்தவரை வைத்துத் தடுப்பு வகுப்பா என்று மேடம் போனில் தயங்கினார். அக்கா பேச்சைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள் என்றேன். இப்போது வியாழக்கிழமைகளில் அவர் பேசுகிறார். நான் கீரை ஆய்கிறேன்.