மேடேறிய மொரிஸ் மைனர்

கண்டி வாகனக் கண்காட்சிக்கு வெள்ளிவிழா மலர் போட்டிருக்கிறார்கள். வழவழவென்ற தாள். ரிப்பன் வெட்டிய பெரிய மனுஷர்கள் பக்கத்துக்குப் பக்கம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பாலாம்பிகையின் பெயர் ஒரு மூலையிலாவது இருக்குமா என்று புரட்டிப் பார்த்தேன். இல்லை. வயிறு எரிந்தது. மோட்டார் உதிரிப்பாகக் கடைக்கார ஹபீல் நான். அந்தக் கமிட்டியில் ஆரம்பத்திலிருந்தே குந்தியிருந்தவன். நானாவது எழுதிவைக்கிறேன்.

முதல் சில வருஷம் புதுக் கார்கள்தான் வந்தன. மைதானத்தில் கயிறு கட்டி, தொடாமல் பார்த்துவிட்டுப் போங்கள் என்று நிறுத்திவைப்போம். பிறகு அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியது. கார் இல்லாமல் என்ன கண்காட்சி? மூடிவிடுவோம் என்றார்கள் பாதிப்பேர். கடைசியில், ஊரில் இருக்கிற பழசுகளையே ஓடவிடலாம் என்று முடிவானது. வாவிக்கரையில் தொடங்கி ராஜபிஹில்ல மேட்டில் ஏறவேண்டும். யாரும் தள்ளக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

பாலாம்பிகையின் புருஷன் அழகர், மார்க்கட் வாடகைக் கார் ஸ்டாண்டில் ஒரு மொரிஸ் மைனரை வைத்து ஹயர் ஓட்டியவர். அவர் மாரடைப்பில் போனதும் மொரிஸ் மைனரை விற்றுவிடச் சொன்னார்கள். அவளோ தானே ஓட்ட லைசன்ஸ் எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்து நின்றாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? ஸ்டாண்டில் இடம் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அங்கே நிற்காதவருக்குக் கண்டியில் ஹயர் கிடையாது. வத்தேகம சந்தையில் மரக்கறி மூட்டை ஏற்றி எத்தனை நாளைக்குப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது?

ஸ்டாண்டுக்குத் தலைவர் கறுப்பையா. நல்ல மனுஷன், ஆனால் சரியான பிடிவாதக்காரர்.

"இங்க பாரு தங்கச்சி, நடு மேட்டுல வண்டி நின்னா ஒன்னயா பேசுவாங்க? எங்க எல்லாரையும்தான் பேசுவாங்க."

"நின்னாத்தானே அண்ணே?"

"அப்ப கண்காட்சியில ஏத்திக் காட்டு. ஒருத்தன் கையும் படாம ஏறிட்டேன்னா, திங்கக்கிழமையே வந்து வரிசையில நில்லு."

கண்காட்சி அன்றைக்குச் சரியான கூட்டம். பாலாம்பிகை வாவிக்கரையிலிருந்து நன்றாகத்தான் ஏறி வந்தாள். வளைவில் கியர் மாற்ற வேகத்தைக் குறைத்தாள். கார் இரண்டு தரம் இருமியது.

அந்தக் காலத்துக் கண்டியில் கார் ஒன்று இருமினால் போதும். பாங்கில் வேலை செய்கிறவர், பன்சலையில் புத்தருக்குப் பூ வைக்கப் போகிறவர், ஐஸ்பழம் விற்கிறவர், எல்லாரும் கேட்காமலே பின்னால் போய்த் தள்ளுவார்கள். யாருடைய கார் என்றுகூடப் பார்ப்பதில்லை. உதிரிப்பாகம் கிடைக்காத நாட்டில் அப்படித்தான் கார்கள் ஓடின. நல்ல பழக்கந்தான், அன்றைக்கு அதுவே வினையாகிப்போனது. "தள்ளு, தள்ளு!" என்று பத்துப்பேர் கயிற்றைத் தாண்டிப் பாய்ந்தார்கள். முதல் ஆளாகத் தோள் கொடுத்தவர் யார் தெரியுமா? நம்முடைய கறுப்பையா!

நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டார்.

பாலாம்பிகை கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினாள். "யாருய்யா ஒங்களத் தள்ளச் சொன்னது? கியர் மாத்தத்தானே மெதுவாக்கினேன்! வண்டி நிக்கவே இல்லையே!" சொல்லிக்கொண்டே வந்தவள் கறுப்பையாவைக் கண்டாள். "அண்ணே... நீங்களுமா?"

"கை தன்னால போயிருச்சு தங்கச்சி." மனுஷன் முகம் செத்துப்போயிருந்தது.

அவள் கண் கலங்கியதை என்னால் பார்க்க முடியவில்லை. நடுவரிடம் ஓடினேன். "இந்தப் புள்ளட கார் நிக்கவே இல்லயே சேர்!" என்று கத்தினேன். தள்ளினால் தள்ளினதுதான் என்றார் அந்தக் கல்நெஞ்சக்காரர்.

"விடுங்க ஹபீல் நானா, பரிசு யாருக்கு வேணும்?" என்றாள் பாலாம்பிகை. கறுப்பையா பக்கம் திரும்பினாள். "நீங்க கேட்டது மேடு ஏறுறதுதானே? திரும்ப ஏறுறேன். கையக் கட்டிக்கிட்டுப் பாருங்க."

அந்தச் சரிவில் பின்னுக்கே விட்டுக்கொண்டு வாவிக்கரை வரைக்கும் இறங்கினாள். கறுப்பையா ரோட்டோரமாக ஓடி ஓடிச் சத்தம் போட்டார். "எவனும் கை வைக்கக்கூடாது! கையப் பின்னால கட்டுங்கடா!" சிங்களத்திலும் அதையே சொன்னார். மேடு முழுக்க ஜனங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

மொரிஸ் மறுபடியும் வந்தது. அதே வளைவு. வேகம் குறைந்தது, இருமியது. ஐஸ்பழக்காரன் ஒரு அடி முன்னுக்கு வைத்துவிட்டுப் பின்வாங்கினான். கறுப்பையா விளக்குக் கம்பத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். யா அல்லாஹ்! முதல் கியர் பிடித்தது. கார் உறுமிக்கொண்டு மேலே ஏறிப்போனது! அன்றைக்கு நாங்கள் போட்ட கூச்சல் ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டிருக்கும்.

பரிசு கம்பளை ஊர்க்காரர் ஒருவரின் ஒஸ்டின் காருக்குப் போனது. மலரில் அதுமட்டும் இருக்கிறது. அடுத்த வருஷத்திலிருந்து சனங்கள் கை வைக்காமல் பார்க்க ஆள் போட்டோம். ஏன் போட்டோம் என்று எழுத ஆளில்லை.

திங்கட்கிழமை காலையில் பாலாம்பிகை வந்து வரிசையின் கடைசியில் நிறுத்தினாள்.  தெல்தெனியவுக்குப் போக ஒரு அம்மா பொட்டணங்களோடு வந்தார். முன்னால் நின்றது கறுப்பையாவின் கார், முறை அவருடையது. அவர் அந்த அம்மாவின் பொட்டணங்களைத் தூக்கிக்கொண்டு, வரிசை முழுவதையும் தாண்டிப்போய், மொரிஸின் டிக்கியைத் திறந்து வைத்தார்.

"பொம்பளையா ஓட்டுறது?" என்று அந்த அம்மா தயங்கினார்.

"எங்க ஸ்டாண்ட் வண்டிம்மா," என்றார் கறுப்பையா. "ஏறுங்க."