மான்கொம்புப் பூண்

எங்கள் வீட்டில் ஒருவரும் பில்லியட் மேசையைக் கண்ணால் கண்டதில்லை. உரும்பிராயில் வெங்காயமும் புகையிலையும் செய்கிற குடும்பத்துக்கு அது எதற்கு? ஆனால் அந்த ஆட்டத்துத் தடியின் நுனிப் பூணை எதில் செய்யலாம், எதில் செய்யக்கூடாது என்று கேளுங்கள், நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். சொல்லி என்ன பிரயோசனம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அண்ணை கொழும்பில் ஒரு கிளப்பில் வேலை செய்தவர். பில்லியட் மேசையடியில் நின்று ஆடுகிறவர்களுக்குப் புள்ளி சொல்லுவதுதான் வேலை. பார்த்துப் பார்த்துத் தானும் ஆடப் பழகி, சொந்தமாக ஒரு தடியும் வாங்கிவிட்டார். படித்து உத்தியோகம் பார் என்றால் இவன் தடி பிடித்துத் திரிகிறானே என்று அப்பா ஊரெல்லாம் புறுபுறுத்தார். எண்பத்து மூன்றில் கொழும்பில் தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தது. அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் அண்ணையின் சிநேகிதர் வந்திறங்கி, கிழிந்த சட்டையோடு எங்கள் படலையில் நின்றார். அண்ணை வரவில்லை. தடி வந்தது.

"கூட வேலை செய்த பெடியன் ஒருத்தன் கிளப்புக்குள்ளை நிக்கிறான், இதை வைச்சிரு, கூட்டிக்கொண்டு வாறன் எண்டு திரும்பி ஓடினவன், ஐயா," என்றார். தடியை அப்பாவின் கையில் கொடுத்தார்.

அம்மா நிலத்தில் விழுந்து குழறினார். அப்பா அழவில்லை. உறையிலிருந்து தடியை உருவி மேலும் கீழும் பார்த்தார். நுனியில் விரல்மொட்டு அளவில் இருந்த வெள்ளைப் பூண் பிளந்து கிடந்தது. "மூத்தவன் வந்தவுடனை உந்தத் தடியைத்தான் கேப்பான்," என்று சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டிலுக்குள் போய் இருந்துவிட்டார். தோட்டத்தில் வெங்காயம் அழுகியது. அப்பா எழும்பவில்லை.

அவருக்குத் தெரிந்த பூண் மண்வெட்டிப் பிடிக்கும் ஊன்றுதடிக்கும் போடுகிற இரும்புப் பூண்தான். அதையே அடித்து இறுக்கினார். அடுத்தமுறை வந்த சிநேகிதர் தலையில் கை வைத்துவிட்டார்.

"ஐயோ ஐயா, உது நிலத்திலை ஊண்டுற தடியில்லை. பூணுக்கு மேலை தோல் ஒட்டி, அதாலை பந்தை இடிக்கிறது. இடியெல்லாத்தையும் பூண்தான் வாங்கவேணும். மரத்திலை இறங்கினால் தடி பிளந்துபோம்."

முந்தி தந்தத்தில் செய்வார்களாம். தந்தத்துக்கு நாங்கள் எங்கே போக! அப்பா பழைய சைக்கிள் பம்பின் பித்தளைக் குழாயை அறுத்துப் போட்டார். பந்துக்குப் பதிலாகச் சீமெந்து நிலத்தில் விளாங்காயை வைப்பது சின்னப்பிள்ளையான என் பொறுப்பு. தோட்டம் செய்கிற மனிதர் ஒருவர் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, விளாங்காயைக் குத்துவதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. பித்தளை சரிவரவில்லை. விரலில் தூக்கி வைத்துப் பார்த்தார், நுனி பாரம். கிணற்றுத் துலாவில் முன்பாரம் கூடினால் தண்ணீர் அள்ள ஏலுமோ என்று கழற்றி எறிந்தார். தண்ணீர்க் குழாயின் பிளாஸ்டிக் துண்டு பாரமில்லை, ஆனால் மெத்து. இடி அதற்குள்ளேயே செத்துப்போயிற்று.

பிறகு எலும்பு. மரக்கறி மட்டும் சமைக்கிற வீட்டு மனிதர், யாழ்ப்பாணம் போய் இறைச்சிக்கடையில் வரிசையில் நின்று ஆட்டுக்கால் எலும்பு வாங்கிவந்தார். அராவி முடித்துக் கிணற்றடியில் தோய்ந்து குளித்த பிறகுதான் அம்மா அவரை வீட்டுக்குள் விட்டார். வெயில் பட்டதும் எலும்பு வெடித்துவிட்டது. அந்த வெடிப்பைப் பார்த்தபடி அப்பா பொழுதுபடும்வரை இருந்தார்.

கடைசியில் அம்மாதான் மருந்துப் பெட்டியைத் திறந்து மான்கொம்பை எடுத்துக் கொடுத்தார். சிறுவயதில் அண்ணைக்குக் கூகைக்கட்டு வந்து கன்னம் வீங்கியபோது கல்லில் உரைத்துப் பூசிய கொம்பு அது. அதில் ஒரு துண்டை வெட்டி, துளைத்து, அப்பா பொறுமையாக அராவினார். அச்சாவாகப் பொருந்தியது. சிநேகிதர் வந்து தானே குனிந்து ஓர் இடி இடித்தார். விளாங்காய் வளையாமல் நெளியாமல் ஓடி எதிர்ச் சுவரில் முட்டியது.

"தந்தத்துக்கு ஒரு குறையும் இல்லை, ஐயா."

நான் துள்ளிக் குதித்தேன். "அப்ப இனி அண்ணை வரலாம்!" என்று கத்தினேன்.

சிநேகிதர் தடியைச் சுவரில் சாத்தினார். "ஐயா, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். நான் அண்டைக்கு அவன் ஓடின பக்கம் திரும்பிப் பாத்தனான்..."

"நீர் போயிட்டு வாரும் தம்பி," என்றார் அப்பா. "இன்னும் வேலை கிடக்கு."

மறுநாள் காலை கொட்டிலடிக்குப் போனேன். அப்பா தடியின் நுனியை அம்மிக்கல்லில் வைத்து, சுத்தியலால் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். பூண் சிதறிப் பறந்தது. நிமிர்ந்தவர் என்னைக் கண்டுவிட்டார். "உதுவும் சரிவரேல்லை, பிள்ளை. கொம்பும் பிளக்குது. வேறை ஏதும் பாப்பம்," என்றார்.

பச்சைப் பொய்! எனக்கு அடங்காத கோபம் வந்தது. நேரே குசினிக்கு ஓடினேன். "அம்மா, அப்பா வேணுமெண்டு உடைச்சவர்! நான் கண்டனான்!" இன்றைக்கு அப்பாவுக்கு நல்ல பேச்சு விழப்போகிறது என்று காத்து நின்றேன்.

அம்மா அடுப்பிலிருந்த சட்டியை இறக்கினார். பிறகு கை கழுவி, மருந்துப் பெட்டியிலிருந்த மிச்சக் கொம்பை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அப்பாவின் மடியில் அதை வைத்தார்.

"இஞ்சாருங்கோ, இன்னும் கொஞ்சம் கிடக்கு. ஆறுதலாச் செய்யுங்கோ. அவசரமில்லை."

அவசரமில்லையாம்! இவர்கள் இப்படி மினைக்கெட்டுப் பொழுதைப் போக்கினால் அண்ணை வருவதற்குள் தடி எப்படி முடியும் என்று, அன்று முழுக்க இரண்டு பேரோடும் நான் கதைக்கவில்லை.