பதினொரு மணி மாத்திரை

என் அப்பா குவாக் ஜோங்தே, உய்சோங் என்ற ஊரில் பூண்டு பயிரிடுகிறவர். வீட்டுக்கு மூத்த மகன். முப்பத்தோரு வருடமாகப் புத்தாண்டுக் காலையில் முன்னோர் மேசைக்கு முன்னால் முதலில் மண்டியிட்டு, தரையில் நெற்றி வைத்து எழுகிறவர் அவர்தான். அவர் தலை தூக்கும்வரை பின்னால் இருக்கிற யாரும் தூக்கக் கூடாது.

பார்க்கின்சன் நோய் வந்து ஆறு வருடமாகிறது. சியோலில் இருக்கும் தன் தம்பியிடம், என் சித்தப்பாவிடம், அது இடுப்புவலி என்றுதான் சொல்லியிருந்தார்.

மாத்திரைப் பொறுப்பு என்னுடையது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்; புள்ளியியல் படித்தேன். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எப்போது அப்பாவின் கால் இளகுகிறது, எப்போது மறுபடி உறைகிறது என்றெல்லாம் கைபேசியில் குறித்து வைப்பேன். ஒழுங்காகக் குறித்தால் நோய் அடங்கிவிடும் என்று நம்பினேனோ என்னவோ.

குளிர்காலத்தில், முற்றத்துப் பெர்சிமன் மரத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாக அப்பா சொல்ல ஆரம்பித்தார். “காலுக்கு ஒண்ணும் போடாம உக்காந்திருக்குதுங்க, பாவம்.”

தேகு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் என் கையைப் பிடித்தார். “அந்தப் பிள்ளைங்க விஷயத்தைப் புத்தாண்டு முடிஞ்சு சொல்லலாமா?”

நான் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிட்டேன். மருந்துதான் அப்படிக் காட்டுகிறது என்று அவர் ஒரு மாத்திரையை நிறுத்தினார், இன்னொன்றைக் குறைத்தார். புது அளவுக்கு உடம்பு பழக மூன்று வாரம் ஆகும் என்றார். புத்தாண்டுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

நாலாம் நாள் பிள்ளைகள் போய்விட்டார்கள். கூடவே காலும் போனது. மூன்று மணி நேரம் தாங்கிய மாத்திரை ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

புத்தாண்டன்று எட்டு மணிக்கு வழிபாடு. அதற்காக ஏழு மணிக்கு மாத்திரை கொடுத்தேன். எட்டுக்கெல்லாம் வெள்ளை அங்கியின் முடிச்சை அப்பாவே போட்டுக்கொண்டு நின்றார். சித்தப்பா போன் செய்தார்: நெடுஞ்சாலை அசையவில்லை.

ஒன்பதுக்கு அப்பாவின் இடது கட்டைவிரல் ஆடத் தொடங்கியது.

“சோரிம், அடுத்ததைக் குடு.”

“பதினோரு மணிக்குத்தான்ப்பா. முன்னாடியே குடுத்தா பிள்ளைங்க திரும்ப வந்துடும்.”

“வரட்டுமே. அதுங்களும் கும்பிட்டுட்டுப் போகட்டும்.”

“டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காரு.”

“டாக்டரா வந்து கும்பிடப் போறாரு?” என்றார். பிறகு, “சரி, படிச்சவ நீ” என்று கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டார்.

ஒன்பதரைக்கு அவர்கள் வந்தார்கள். “ரோடா அண்ணே அது? மூட்டை அடுக்கின மாதிரி காரு!” என்றார் சித்தப்பா.

“கிளம்பறப்ப ஒரு மணி நேரம் சாவி தேடினதையும் சொல்லுங்க,” என்றாள் சித்தி.

மேசையில் அரிசிக்கேக் சூப், உப்பிட்ட சுறா, கஷ்கொட்டை. அப்பா முன்னால், சித்தப்பாவும் அவருடைய இரண்டு மகன்களும் பின்னால். அம்மாவும் சித்தியும் நானும் சமையலறை வாசலில். அப்பா மண்டியிட்டார், நெற்றி தரையைத் தொட்டது.

எழவில்லை.

பின்னால் மூன்று முதுகுகளும் அப்படியே கிடந்தன. சூப்பில் ஆவி அடங்கியது. “உங்கப்பா அழுறாரு போல,” என்று சித்தி கிசுகிசுத்தாள். அழுகை இல்லை, உடம்பு உறைந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நிமிடத்தை எண்ணிக்கொண்டு நின்றேன். இரண்டு. மூன்று.

வழிபாட்டுப் பாயில் பெண்கள் கால் வைப்பதில்லை. நான் போய் அவர் அக்குளில் கை கொடுத்தேன். பக்கவாட்டில் சாய்ந்தார். நெற்றி பட்ட இடத்தில் பாய் எச்சிலால் நனைந்திருந்தது.

“ஒண்ணுதான் ஆச்சு,” என்றார் என் காதில்.

இறந்தவர்களுக்கு இரண்டு முறை வணங்க வேண்டும். உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் ஒன்று. இரண்டாவதைச் சித்தப்பா செய்து முடித்தார்.

பதினொரு மணிக்கு, ஒரு நிமிடம் பிசகாமல், மாத்திரை கொடுத்தேன். நாற்பது நிமிடத்தில் அப்பா எழுந்து நடந்தார். மேசையை அதற்குள் துடைத்து மடக்கியிருந்தோம்.

“அட, நல்லாத்தானே நடக்கிறாரு! அப்ப காலையில அது என்ன?” என்றாள் சித்தி.

“இடுப்புவலி இல்லடா,” என்று அப்பா தம்பியிடம் நோயின் பெயரைச் சொன்னார். அங்கி முடிச்சை அவிழ்த்தார். கழற்றி, அங்கிக் கையோடு கை சேர்த்து, சுருக்கமில்லாமல் மடித்தார். விரல்கள் சொன்னபடி கேட்டன. மடித்ததைத் தம்பி முன்னால் வைத்தார்.

“அடுத்த வருஷத்திலேர்ந்து கும்பிடறது உன் வீட்ல.”

“அண்ணே, ஒரு தடவை ஆனதுக்காக...”

“உன் வீட்லதான். லிஃப்ட் இருக்கில்ல, நானும் வந்துடுவேன்.” என்னைப் பார்த்தார். “இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?”

“ஒரு மணி நேரம்ப்பா.”

“அப்ப இவங்க கிளம்பட்டும். நான் வாசல் வரைக்கும் போறேன்.”

கார் வளைவு திரும்பும்வரை நின்றார். திரும்பி வரும்போது பெர்சிமன் மரத்தடியில் கால் நின்றுவிட்டது. என் கணக்குப்படி இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். அவர் மொட்டைக் கிளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாருமே இல்ல,” என்றார்.