தோளுக்குப் பின்னால் போன இறால்

தெய்வம்மாவுக்கும் கடலுக்கும் ஒரே ஒரு நாள் பழக்கம்தான். பதின்மூன்று வயதில் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறியவள், ராமேஸ்வரத்தில் இறங்குவதற்குள் குடலை மட்டும்தான் வெளியே எடுக்கவில்லை. மற்றதெல்லாம் வாந்தியில் போனது. அதோடு நீலகிரியில் நடுவட்டத்துக்கு மலையேறியவள், கொழுந்து பறித்தபடியே இருபத்தேழு வருஷத்தை ஓட்டிவிட்டாள். கடல் இருக்கிற திசையில் தலைவைத்தும் படுக்கவில்லை.

தேயிலைதான் அவளைக் கீழே இறக்கியது. இரண்டாயிரமாவது வருஷம் விலை விழுந்த வீழ்ச்சியில் எஸ்டேட் வாரத்துக்கு இரண்டு நாள் ஓடியது; பிறகு அதுவும் இல்லை. புருஷன் வடிவேல் திருப்பூருக்குப் போவது, மகள் ராஜகுமாரியை ஹாஸ்டலில் விடுவது, தெய்வம்மா கூடலூர்ப் பக்கம் கூலிக்குப் போவது என்று வீட்டில் முடிவானது. முடிவு செய்தது வடிவேல். தெய்வம்மாவுக்கு மனம் ஆறவில்லை. ஆளுக்கொரு திசையில் போய்விட்டால் அப்புறம் அது என்ன குடும்பம்?

எஸ்டேட் லயத்தில் முன்பு பக்கத்து வீட்டுக்காரியாக இருந்த காத்தாயி, கேரளத்துக் கரையோரம் பேப்பூரில் இறால் உரிக்கிற ஷெட்டில் இருந்தாள். அங்கே ஆள் எடுப்பதாகச் சொல்லியனுப்பினாள். ஒரு வாரம் வேலையைச் சோதித்துப் பார்ப்பார்கள். பிடித்துப்போனால் குடும்பத்தோடு இருக்க ஓர் அறை கிடைக்கும்.

"வாந்தி வந்தா வரட்டும். மூணு பேரும் ஒரே கூரைக்குள்ள இருந்தா எனக்குப் போதும்" என்று கிளம்பினாள் தெய்வம்மா. கைப்பழக்கத்தில் ஆணியில் தொங்கிய கூடைக்கயிற்றையும் எடுத்தாள். கொழுந்துக் கூடையை முதுகில் தொங்கவிட உச்சந்தலையில் போட்டுப் போட்டு வழுவழுவென்று ஆன கயிறு.

அந்தத் துக்கத்திலும் வடிவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடல்ல என்னா கொழுந்தா பறிக்கப் போற?"

கயிறு மறுபடி ஆணிக்குப் போனது.

நாடுகாணி தாண்டி மலைப்பாதையில் பஸ் இறங்க இறங்க ஸ்வெட்டர் மடிக்கு வந்தது. பேப்பூரில் முதல் நாள், காத்தாயியின் அறையில், சாயங்காலம் நாலானதும் எழுந்துபோய்க் கதவு ஜன்னலையெல்லாம் இறுக்கிச் சாத்தினாள். பனி இறங்குகிற நேரமாம்! காத்தாயி வியர்வையில் குளித்தபடி கத்தினாள்: "அடியே, எங்கள அவிச்சு எடுக்கப் போறியா? தொறடி!"

அது சிரிப்போடு போயிற்று. மறுநாள் ஷெட்டில் நடந்தது அப்படிப் போகவில்லை. நீண்ட மேசையில் ஐஸ் தண்ணீரில் இறால் கிடந்தது. விரல் அவளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? ஓட்டை உரித்து, நரம்பை உருவி, கை நிறைந்ததும் பக்கத்துத் தட்டில் போட வேண்டியது. கை நிறைந்தது. போட்டாள், தோளுக்குப் பின்னால். பின்னால் கூடை இல்லை. சூப்பர்வைசர் எட்மண்டின் வெள்ளைச் சட்டை இருந்தது.

"எந்தா சேச்சி இது?"

ஷெட்டே சிரித்தது. தெய்வம்மாவுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. ஆனால் தொட்டில் பழக்கம் லேசில் விடுமா? கையைக் கட்டிப்போடாத குறையாக வேலை செய்தும், கொஞ்சம் கண் அசந்தால் இறால் பறந்தது. புதன்கிழமை எட்மண்ட் தீர்த்துச் சொல்லிவிட்டார். "சேச்சி, சனிக்கிழமை வரைக்கும் பார்க்கும். இதே மாதிரின்னா மலைக்குத் திரும்பிப் போகணும், கேட்டோ."

அன்று சாயங்காலமும் காத்தாயி கடற்கரைக்குக் கூப்பிட்டாள். வந்ததிலிருந்து தினமும் கூப்பிடுகிறாள். இவள் தினமும் மாட்டேன் என்கிறாள். கப்பல் பயம் இன்னும் போகவில்லை என்று காத்தாயி நினைத்துக்கொண்டாள். தெய்வம்மாவோ உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

வியாழன் காலை எட்மண்ட் எதிரே போய் நின்றாள். "சார், என் கை மாறாது. தட்ட மாத்திக் குடுங்க. என் முதுகுல ஒரு கூடை கட்டிக்கிறேன்."

எட்மண்டுக்கு இது பைத்தியமா என்று சந்தேகம். இருந்தாலும் ஓட்டை போட்ட, கழுவிய பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் காட்டினார். நைலான் கயிற்றால் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றாள் பாருங்கள், அப்போதுதான் அவளுக்கு உடம்பில் உயிர் வந்தது. இரண்டு கையும் ஓடியது. கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் முதுகில் வழிந்தது. மற்றவர்கள் ஐஸில் விரல் மரத்து, அரைமணிக்கு ஒருமுறை கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். ஜனவரி உறைபனியில் கொழுந்து பறித்தவளுக்கு இது ஒரு குளிரா? நிறைந்த தட்டை எடை போட அடிக்கடி தூக்கிக்கொண்டு நடக்கிற வேலையும் மிச்சம். சனிக்கிழமை மாலை நிறுத்துப் பார்த்தபோது, பத்து வருஷக்காரிகளுக்கு ஒரு தட்டுகூட அவள் குறையவில்லை.

எட்மண்ட் ஒன்றும் பாராட்டவில்லை. சாவியை மேசையில் வைத்தார். "கடைசி அறை. ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும்."

எஸ்டிடி பூத்திலிருந்து நடுவட்டம் டீக்கடைக்குப் பேசினாள். வடிவேல் லைனுக்கு வந்ததும் அவள் சொன்னது இவ்வளவுதான்: "கம்பளி வேணாம். ஆணில இருக்க கயித்த எடுத்துக்கிட்டு, புள்ளயோட வாங்க."

திங்கட்கிழமை பஸ்ஸிலிருந்து மகளோடு இறங்கினான் வடிவேல். மூட்டை நிறையக் கம்பளிதான். சொன்னால் கேட்கிற ஆளா? ஆனால் அதைக் கூடைக்கயிற்றால் கட்டியிருந்தான். தெய்வம்மா அங்கேயே அவிழ்த்துக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டாள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

ராஜகுமாரி சுற்றுமுற்றும் பார்த்தாள். "அம்மா, கடல் எங்க? எப்படிம்மா இருக்கு?"

"நா இன்னும் பாக்கல புள்ள" என்றாள் தெய்வம்மா. "மூணு பேருமா பாக்கலாம்னு வச்சிருந்தேன். வாங்க."