எழுதுமேசைக்குள் ஒரு பொட்டு

லண்டனில் எங்கள் செவன் கிங்ஸ் சவிரிமுத்தருக்கு எதையும் நம்ப வராது. இறைச்சிக் கடையில் தராசுக்குக் கீழே குனிந்து பார்ப்பார். மகளுக்குப் பேசிவந்த மாப்பிள்ளையின் பட்டம் உண்மையா என்று பல்கலைக்கழகத்துக்கே தொலைபேசி எடுத்த மனிதர். "வெளுத்ததெல்லாம் பால் எண்டு குடிக்கிற ஆள் நான் இல்லைத் தம்பி" என்பார் என்னிடம்.

இந்தக் குணத்துக்கு ஏற்ற வேலையும் வாய்த்தது. பார்க்கிங் என்கிற பக்கத்து ஊரில் ஓர் ஏலக்கூடத்தில் பழைய ஆங்கிலேய மரத்தளபாடங்களைச் சுமந்து அடுக்குவது. பத்தொன்பது வருடமாக அதுதான். எந்த மேசை வந்தாலும் லாச்சி என்கிற இழுப்பறைகளை இழுத்து, கவிழ்த்து, முகர்ந்து பார்த்த பிறகுதான் இடத்தில் வைப்பார். பூச்சி அரித்த ஓட்டைகளில் ஊசி விட்டுப் பார்ப்பார். "பூச்சி நேராப் போகாது. ஓட்டை நேராப் போனால் அது மனுசன்ர வேலை."

சென்ற பெப்ரவரியில் ஒரு வியாபாரி வால்நட் மரத்து எழுதுமேசை ஒன்றைக் கொண்டுவந்தான். இருநூற்றைம்பது வருடப் பழசு, நோர்ஃபோக்கில் ஒரு பிரபு குடும்பத்தை விட்டு ஒருநாளும் வெளியே போகாதது என்று ஏலப் பட்டியலில் அச்சடித்திருந்தார்கள். சவிரிமுத்தர் ஊசியை விட்டார். அது பாதியில் நின்றது. மரம் பழசுதான். ஆனால் நடு லாச்சியைக் கழற்றியபோது உள்விளிம்பில் காய்ந்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும் இருந்தன. சரஸ்வதி பூசைக்குப் புத்தகத்துக்கும் மேசைக்கும் வைக்கிற அதே பொட்டு. முகப்பைத் துடைத்தவன் உள்ளே பார்க்க மறந்துவிட்டான்.

நோர்ஃபோக் பிரபு எந்த வருடம் சரஸ்வதி பூசை செய்தார்? சவிரிமுத்தர் நேரே போய் மேலாளர் கிரஹாமிடம் சொன்னார். இது தமிழர் வீட்டில் இருந்த மேசை, பட்டியலில் உள்ள கதை பொய்.

கிரஹாம் வியாபாரிக்குத் தொலைபேசி எடுத்தார். தான் தந்தபோது மேசை சுத்தமாக இருந்தது என்று அவன் சத்தியம் பண்ணினான். கிரஹாம் திரும்பி வந்து கதவைச் சாத்தினார்.

"எதிர்க்கடைத் தமிழர் கல்லாவில் இதே பொட்டைப் பார்த்திருக்கிறேன். இங்கே தமிழர் நீ ஒருவன்தான். பூசை செய்து மேசையைக் கெடுத்துவிட்டு, பழியை அடுத்தவன்மேல் போடுகிறாயா? நாளைக்கு நீ வரவேண்டாம்."

ஊரையே சந்தேகப்பட்ட மனிதருக்கு, தன்னையும் ஒருவர் சந்தேகப்படலாம் என்பது அதுவரை தோன்றவேயில்லை. வேலை போகிறது என்பதைவிடக் பொய்யன் என்ற பெயரோடு போகிறது என்பதுதான் அவரைப் பதறவைத்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றி, கழுத்துச் சங்கிலியை வெளியே எடுத்தார். அதில் தகப்பன் போட்டுவிட்ட சிலுவை தொங்கியது. தான் பிறவிக் கத்தோலிக்கன், தன் வீட்டில் சரஸ்வதி பூசையே இல்லை என்று சொன்னார்.

மறுநாள் கிரஹாம் மறுபடி அழுத்திக் கேட்டதும் வியாபாரி வழிக்கு வந்தான். வெஸ்ட் ஈலிங்கில் ஒரு தமிழ் ஆசிரியை வீட்டில் வாங்கினானாம். பட்டியலில் பிரபுவை வெட்டினார்கள். சவிரிமுத்தர் இன்றும் அங்கேதான் வேலை செய்கிறார்.

"பிறகென்ன அண்ணை, தப்பியாச்சுத்தானே?" என்று கேட்டேன்.

"ஓம், தப்பியாச்சு. ஆனால் சிலுவையைக் காட்டினன் எல்லே, அந்த மனுசன் கிட்ட வந்து, அதைக் கையில எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பிப் பாத்தது தம்பி."