நிறுத்துவதற்குப் பேர் போன பேண்டு

இதை எழுதச் சொன்னவர்கள் எங்கள் தெருச் சங்கத்துப் பிள்ளைகள். சவுண்ட் சர்வீஸ் வேலைக்கு இப்போது நிறையப் பேர் போகிறார்களாம், அந்தக் காலத்துக் கதை ஒன்று வேண்டுமாம். நான் நாலாங்கிளாஸ் வரைதான் படித்தேன். கோர்வையாக எழுத வராது. பாதி மறந்தும் போய்விட்டது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூர் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் கறிக்கடைச் சந்தில் இருந்தது கரீம் பாயின் கடை. மைக் செட்டு, பாக்ஸ், சீரியல் லைட்டு, ஷாமியானா எல்லாம் வாடகைக்குக் கொடுப்பார். நான் அங்கே ஒயர் சுற்றுவேன், கிழிந்த ஷாமியானாவைத் தைப்பேன், மைக் துடைப்பேன். ஒயரை முழங்கையில் போட்டுச் சுற்றாதீர்கள், உள்ளே கம்பி முறுக்கிக்கொண்டு நாளைக்கு மேடையில் கரகரக்கும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் நான் எழுதியதில் பாதிப் பயன் கிடைத்துவிட்டது. மீதியை விருப்பம் இருந்தால் படியுங்கள்.

மைக் துடைப்பதற்கு மஞ்சள் துணி ஒன்று வைத்திருந்தேன். இந்தக் கதையில் என் பங்கு அந்தத் துணிதான்.

1. துணி உதறிய நாள்

காவேரித் தண்ணீருக்காக இங்கே தமிழர்களை அடித்த கலாட்டா முடிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். கடைக்குப் பின்னால் ஒரு குடோன் உண்டு. யாரோ கட்டாத வாடகைக்கு ஈடாக விட்டுப்போன டிரம் செட்டு ஒன்று அதில் கிடந்தது. அதை அடித்துப் பழக இடம் கேட்டு நாலு பெண்கள் வந்தார்கள். எல்லாருக்கும் பதினேழு, பதினெட்டு, இருபதுக்குள்தான். யாழ்ப்பாணத்துப் பெண்கள். சண்டையில் ஊரை விட்டுப் படகில் வந்து, எங்கெங்கோ இருந்து, கடைசியில் பொம்மனஹள்ளியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள். வாசுகி என்கிற பெண் டிரம் அடிப்பாள். தர்சினி கிட்டார் வாசித்துக்கொண்டு பாடுவாள். மற்ற இருவரும் அக்கா தங்கச்சி. ஒருத்திக்குத் தடிக் கம்பி கிட்டார், ஒருத்திக்குக் கீபோர்டு.

பாய் அவர்களை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா பாட்டு பாடுவீங்கம்மா? பஜனையா?"

"ரொக் மியூசிக் அங்கிள்," என்றாள் தர்சினி.

"அது இன்னாது?"

வாசுகி ஒரு தட்டுத் தட்டிக் காட்டினாள். பாய் காதைப் பொத்திக்கொண்டு, "சரி சரி, கதவச் சாத்திக்கினு அடிங்க," என்றார்.

அவர்கள் வாசிக்கத் தொடங்கியபோது நான் குடோனுக்குள் மைக் ஸ்டாண்டு எடுக்கப் போனேன். எனக்கு அந்தப் பாட்டு தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுவது மாதிரி இருந்தது. வாசலில் நின்று மஞ்சள் துணியை மேலே தூக்கி ஒரு உதறு உதறினேன். தூசிக்காகத்தான்.

சத்தம் அறுந்தது. சட்டென்று என்று எழுதினால் போதாது. நாலு வாத்தியமும் ஒரே வெட்டில் நின்றன. நிமிர்ந்து பார்த்தால் ஒரு பெண்ணையும் காணவில்லை. நாலு பேரும் பாக்ஸ் வைக்கிற பெரிய மேசைக்கு அடியில் இருந்தார்கள். எனக்கு வந்த பயத்தில் நானும் உள்ளே போய்விட்டேன்.

"இன்னாம்மா, பாம்பா?" என்று கேட்டேன்.

வாசுகி என் கையில் இருந்த துணியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். முதலில் அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது. "ஒண்டுமில்லை அன்ரி. பழக்கம்."

ஊரில் அவர்கள் வாசித்துப் பழகியது வாசுகி வீட்டில். கரண்ட் கிடையாது, டிரம் கிடையாது, மண்ணெண்ணெய் டின்தான். "அடிக்கிற சத்தத்தில குண்டு போடுற பொம்மர் வாறது எங்களுக்குக் கேக்காது அன்ரி. அதால அம்மா வாசல்ல நிண்டு வானத்தைப் பாத்துக்கொண்டிருப்பா. பிளேன் சத்தம் கேட்டா ஒரு துணியைத் தூக்கிக் காட்டுவா. நாங்கள் நிப்பாட்டிப்போட்டு பங்கருக்குள்ள ஓடிடுவம்," என்றாள்.

அந்தச் சமயம் பாய் எட்டிப் பார்த்தார். "இன்னா லோகாம்மா, வேலையை வுட்டுட்டு மேசை கீழ மாநாடு நடத்தினு இருக்கே?"

2. பாய் கண்டுபிடித்த திறமை

நடந்ததைச் சொன்னேன். பாய் பாவம் என்று சொல்வார் என நினைத்தேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "இன்னொரு வாட்டி துணியத் தூக்கு," என்றார்.

காரணம் இருந்தது. ஃபங்ஷனில் மைக் கட்டுகிறவனுக்குப் பெரிய தலைவலி பாட்டுக்காரர்கள். தலைவர் மாலையோடு மேடையில் நிற்பார், ஆர்க்கெஸ்ட்ராக்காரன் கண்ணை மூடிக்கொண்டு ராகம் இழுத்துக்கொண்டிருப்பான். ஒயரைப் பிடுங்கினால் கோபம், பிடுங்காவிட்டால் தலைவருக்குக் கோபம். அத்திபெலேயில் ஒரு கடைத் திறப்பு விழாவில் பாடகர் சரணத்தை முடிக்காமல் விடமாட்டேன் என்றதால் ரிப்பன் வெட்டியது யாருக்குமே தெரியாமல் போய், அந்தப் பார்ட்டி அப்புறம் பாயைக் கூப்பிடவே இல்லை.

"உலகத்துல பாடத் தெரிஞ்சவன் ஆயிரம் பேரு," என்றார் பாய். "நிறுத்தத் தெரிஞ்சவன் எவன் இருக்கான்?"

குடோன் இலவசம், டிரம் இலவசம். அதற்குப் பதிலாக ஃபங்ஷன்களில் பேச்சுக்கு நடுவே அவர்கள் வாசிக்க வேண்டும். நான் மேடைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பாய் கண்ணைக் காட்டினால் நான் துணியைத் தூக்க வேண்டும். மேசைக்கு அடியில் மட்டும் போகக் கூடாது.

பிரச்சினை ஒன்று இருந்தது. அந்த நாட்களில் இலங்கைத் தமிழர் என்றால் வீடு கூடக் கிடைக்காது. போலீஸ் ஸ்டேஷனில் பதிவு, கையெழுத்து, ஆயிரம் கேள்வி. பாய் கேட்டவர்களிடமெல்லாம் "கேரளா பொண்ணுங்க" என்று சொல்லிவிட்டார். அவர்கள் பேசுவதைக் கேட்டுத் தமிழர்களே நம்பினார்கள். எங்கள் தெருப் பால்காரர் வாசுகியிடம், "நல்லாத்தான் தமிழ் கத்துக்கினு இருக்கீங்க," என்று பாராட்டினார்.

"நன்றி அண்ணை. கொஞ்சம் கொஞ்சமாப் பழகிறம்," என்றாள் அவள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

பாட்டை இங்கிலீஷில்தான் பாடினார்கள். தமிழில் பாடினால் கல் வந்தாலும் வரும். இங்கிலீஷ் பாட்டுக்கு எந்த ஊரிலும் எதிரி இல்லை.

இப்படியாக அவர்கள் பேர் பரவியது. காதுகுத்து, ஸ்கூல் டே, கடைத் திறப்பு எல்லாவற்றுக்கும் கூப்பிட்டார்கள். பாங்கு சொல்லும்போது நிறுத்தினார்கள். கேக் வெட்டும்போது நிறுத்தினார்கள். காணாமல் போன பிள்ளையின் சட்டை நிறத்தை மைக்கில் சொல்லும்போதும் நிறுத்தினார்கள். சாப்பாடு தயார் என்றதும் நிறுத்தினார்கள். எப்படி வாசித்தார்கள் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நிறுத்தியதை எல்லாரும் மெச்சினார்கள்.

அவர்களுடைய சொந்தப் பாட்டு ஒன்று இருந்தது. லைட்டு இல்லாத சைக்கிளில், கரண்ட் இல்லாத தெரு வழியே ஒருத்தி வீட்டுக்குப் போகிற பாட்டு என்று தர்சினி எனக்கு அர்த்தம் சொன்னாள். டின் அடித்த காலத்தில் கட்டியது. அங்கே தொடங்கினால் பிளேன் வரும். இங்கே தொடங்கினால் தலைவர் வருவார். குடோனில் என்றால் கடைக்கு ஆள் வந்ததும் பாய் கதவைத் தட்டுவார். ஒரு தடவையாவது அதைச் சனங்களுக்கு முன்னால் முழுசாக வாசிக்க வேண்டும் என்பதுதான் அந்த நாலு பேரின் ஆசை. வேறு எதையும் அவர்கள் பாயிடம் கேட்டதில்லை. இதையும் கேட்கவில்லை, கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று தெரியும்.

3. கனடாக் கடிதம்

ஒரு மழைக்காலம் முடிகிற சமயம் தர்சினிக்குக் கனடாவில் இருக்கிற சித்தி மூலம் விசா கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அக்கா தங்கச்சி இருவரும் திருச்சிக்கு அம்மாவிடம் போவதாக முடிவானது. வாசுகி எங்கே போவாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர்கள் சேர்ந்து வாசிக்க ஒரே ஒரு ஃபங்ஷன்தான் பாக்கி, பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு ராஜ்யோத்சவா, கர்நாடகம் பிறந்த நாள் விழா. நாட்டை விட்டு வந்த தமிழ்ப் பெண்கள், கேரளாக்காரிகள் என்ற பேரில், கன்னட நாட்டு விழாவில், இங்கிலீஷ் பாட்டு. பாய்க்கு இதில் ஒரு கோணலும் தெரியவில்லை. மரியாதைக்கு முதலில் இரண்டு கன்னடப் பாட்டுகளை கேசட் போட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார்கள்.

வண்டியில் பாக்ஸ் ஏற்றும்போது வாசுகி என் பக்கத்தில் வந்தாள்.

"அன்ரி, இண்டைக்கு அந்தத் துணியை விட்டிட்டு வாறீங்களோ?"

"எப்படிம்மா வர்றது? மைக் தொடைக்கணுமே."

"ஓம். மைக்கைத் துடையுங்கோ. தூக்காதேங்கோ."

 பாய் அந்தப் பக்கமிருந்து, "லோகாம்மா, எம்.எல்.ஏ. வராரு. இந்த வருஷத்துக்கு அவரு ஆளுங்க ஃபங்ஷன் பூரா நமக்குத்தான். அவரு கால் மேடையில பட்டதும் துணி மேல இருக்கணும்," என்றார். அந்தக் கடையை விட்டால் எனக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள்? துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

4. ராஜ்யோத்சவா

கன்னடப் பாட்டுகள் நன்றாகவே போயின. எம்.எல்.ஏ. வர நேரமாகும் என்றார்கள். விழாச் செயலாளர், "இன்னொந்து ஹாடு ஹாடி," இன்னொரு பாட்டு பாடுங்கள் என்றார். தர்சினி திரும்பி மற்ற மூன்று பேரையும் பார்த்தாள். சைக்கிள் பாட்டு என்று எனக்குப் புரிந்துவிட்டது.

முதல் சரணம் தாண்டியது. அதுவே எனக்குப் புதுசு. இரண்டாவது நடக்கும்போது வாசலில் சரவெடி வெடித்தது. காரும் வந்துவிட்டது. வெடிச் சத்தம் கேட்டதும் என் கண் மேடையில் இருந்த மேசைக்குப் போனது. யாரும் அதன் அடியில் போகவில்லை. கீபோர்டு பெண் கண்ணை ஒரு தடவை இறுக்கி மூடினாள், கை நிற்கவில்லை.

எம்.எல்.ஏ. படி ஏறினார். பாய் எனக்குக் கண்ணைக் காட்டினார். பிறகு கையைக் காட்டினார். நான் துணியைத் தூக்கினேன்.

வாசுகி துணியைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள்.

எனக்குத் துணியை இறக்கவும் தெரியவில்லை, தூக்கியபடி நிற்கவும் வெட்கமாக இருந்தது. பாய் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஆம்ப்ளிஃபையர் இருந்த இடத்துக்கு ஓடினார். சுவிட்சில் கை வைத்துவிட்டார். அப்போது செயலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இர்லி பிடி பாய், சாஹேப்ரு கேள்த்தா இதாரெ." விடுங்கள், ஐயா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று.

கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அது தனக்கான வரவேற்புப் பாட்டு என்று நினைத்துவிட்டார். மேடை நடுவில் கைகூப்பி நின்றார். அவரைப் பார்த்து மேடையில் இருந்த எல்லாரும் கைகூப்பினார்கள். பாயும் சுவிட்சை விட்டுவிட்டுக் கைகூப்பினார். நான் துணியை இறக்கினேன்.

பாட்டின் வார்த்தைகள் முடிந்தன. கிட்டார் மட்டும் கொஞ்ச நேரம் போனது. பிறகு மறுபடி முதல் சரணம் வந்தது. அழகாகத்தான் இருந்தது. அதுவும் முடிந்து திரும்பவும் முதல் சரணம். எம்.எல்.ஏ. கையை இறக்கினார், பாட்டு நிற்காததைப் பார்த்து மறுபடி கூப்பினார். தர்சினி தங்கச்சியைப் பார்த்தாள், அவள் அக்காவைப் பார்த்தாள். மூன்று பேரும் வாசுகியைப் பார்த்தார்கள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பாட்டுக்கு முடிவே கிடையாது. அதைக் கட்டிய நாளிலிருந்து ஒரு தடவையும் முடிவு வரைக்கும் போனதில்லை, அதனால் முடிவு என்று ஒன்றைச் செய்யவே இல்லை. சைக்கிள்காரி வீட்டுக்கும் போகாமல் தெருவையே சுற்றிக்கொண்டிருந்தாள்.

வாசுகி என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் வியர்வை. முன்னே பார்த்த பார்வை இல்லை அது. கேட்கிற பார்வை. தலையை ஒரு தரம் ஆட்டினாள்.

நான் துணியைத் தூக்கினேன்.

நாலு வாத்தியமும் ஒரே வெட்டில் நின்றன.  மைதானத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பந்தல் கம்பம் ஆடுகிற மாதிரித் தட்டினார்கள். அவர்கள் பாட்டுக்குக் கைதட்டல் கிடைத்தது அன்றைக்குத்தான். நாலு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். வாசுகி அந்தச் சிரிப்போடு முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

பாய் செயலாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல. இவங்க நிறுத்துற நிறுத்து பெங்களூர்ல எவனுக்கும் வராது." அடுத்த பத்து ஃபங்ஷனுக்கு அங்கேயே வாக்கு வாங்கினார். பேண்டு அன்றோடு முடிகிறது என்பதை அவர் சொல்லவில்லை.

சவுண்ட் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சுவிட்சு உங்கள் கையில்தான் இருக்கும், எந்த நேரமும் அணைக்கலாம். மேடையில் இருப்பவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு அணையுங்கள்.

நான் எழுதியதை விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்க்க வேண்டும். வந்தவர் எம்.எல்.ஏ.தானா, கார்ப்பொரேட்டரா என்று எனக்கு இப்போது சந்தேகம். அந்த அக்கா தங்கச்சி பேர் சுத்தமாக மறந்துவிட்டது. நாலு பேரில் யாரையாவது தெரிந்தவர்கள் இதைப் படித்தால், தப்பைத் திருத்தச் சொல்லுங்கள். அப்படியே, அந்தப் பாட்டுக்கு அதற்கப்புறம் ஒரு முடிவு போட்டார்களா என்றும் கேட்டுச் சொல்லுங்கள். துணி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.